குடைக்கொடிக் குழிக்குள் நிற்கும் மாரித் தண்ணி

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் முள்ளியவளைப் பக்கம் இருக்கிறோம். லண்டனில் இருக்கிற என் மூத்த அண்ணா போன வருடம் கப்பல் பெட்டியில் உடுப்புக் காயப்போடுகிற சுற்றுக்கொடி ஒன்று அனுப்பினார். நடுவில் ஒரு கம்பம், மேலே நாலு கை, குடை மாதிரி விரியும், காற்றுக்குச் சுற்றும். பிள்ளைகள் அதைக் குடைக்கொடி என்றுதான் சொல்வார்கள். முற்றத்தில் கொங்கிறீட் போட்டு நட்டோம். ஒரு மாரிதான் போனது. கம்பம் குழிக்குள் இறுகிவிட்டது, கழற்ற முடியவில்லை. குழி வாய் வரைக்கும் தண்ணி நிற்கிறது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து ரோச் அடித்துப் பார்த்துவிட்டு நுளம்புக் குடம்பி இருக்கிறது என்று எச்சரித்துவிட்டுப் போனார். மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கறள் கோடு. மழை படாமல் இருக்கட்டும் என்று தறப்பாளால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன், அவிழ்த்தால் பூஞ்சண மணம். மேலே தகரம் போட்டு ஒரு கொட்டில் அடிப்போமா என்று இவர் கேட்கிறார். அண்ணா ஆசையாக அனுப்பியது, வீணாகப் போகக்கூடாது. என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் தங்கச்சி. முதலில் ஒன்று, கொட்டில் வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். தகரம், மரம், கூலி என்று காசை இறைத்துவிட்டு, பிறகும் இதே கம்பம் இதே குழிக்குள் கறள் பிடித்து நிற்பதைத்தான் பார்ப்பீர்கள். நான் கிளிநொச்சியில் இருபது வருடத்துக்கு மேல் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், கிணற்றுக் கப்பி, தண்ணித் தாங்கிக்குக் கால் என்று செய்வதோடு, வெளிநாட்டிலிருந்து வருகிற இப்படியான சாமான்கள் பழுதாகி வந்தால் அதையும் பார்ப்பேன். என்னிடம் வந்த குடைக்கொடிகளில் மேலே கை முறிந்து வந்தவை குறைவு, அடி உக்கி வந்தவைதான் அதிகம். எல்லாவற்றிலும் கறள் நிலத்துக்குள் இருந்த அந்த ஒன்றரை அடியில்தான். நிலத்துக்கு மேலே இருந்த பகுதி பளபளவென்று இருக்கும்.

இதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. மேலே இருந்து விழுகிற மழை இந்தக் கம்பத்தை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது, அது வெளியில் நிற்பதற்கென்றே செய்த சாமான். கை அநேகமாக அலுமினியம், நடுக்கம்பம் அலுமினியமாகவோ நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பாகவோ இருக்கும். நனையும், வெயில் வரும், காயும். நனைந்தது காய வழியில்லாமல் எங்கே தண்ணி தங்கி நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. நாகப் பூச்சு காற்றோட்டமான இடத்தில் வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் ஈரம் அடைபட்டுக் கிடந்தால் முதலில் வெள்ளைப் பொடி மாதிரிப் பூக்கும், அந்தப் பூச்சுத் தின்னப்பட்டு முடிந்த பிறகு உள்ளே இரும்பு சிவப்பாகக் கறள் கட்டும். அலுமினியம் என்றால் கறள் கட்டாது, ஆனால் அதற்கும் வெள்ளையாக ஒரு படிவு வரும், அது பொங்கிக் குழிக்கும் கம்பத்துக்கும் இடையில் இருக்கிற சின்ன இடைவெளியை அடைத்துவிடும். உங்கள் கம்பம் இறுகினதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். மற்றக் காரணம் மண். மழைத்தண்ணியோடு நுண் மணலும் உள்ளே இறங்கி ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிவிடும்.

தண்ணி எப்படி உள்ளே போகிறது என்று கவனித்தீர்களா? அடுத்த மழைக்கு ஒரு தடவை குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பாருங்கள், பத்து நிமிடம் போதும். விரிந்த கைகளிலும் கொடிகளிலும் விழுகிற தண்ணியில் ஒரு பங்கு நடுக்கம்பத்துக்கு வந்து, கம்பம் வழியாக ஒழுகி, நேரே குழியின் வாய்க்குள் இறங்கும். அதோடு குழியின் வாய் நிலமட்டத்தில் இருந்தால் முற்றத்தில் ஓடுகிற வெள்ளம் முழுவதும் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். வீட்டுக்குக் கிட்ட நட்டிருந்தால் தாவாரத் தண்ணியும் சேரும். கம்பத்தின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அது வெயிலுக்கு வெடித்து விழுந்துவிட்டால் கம்பத்தின் உள்வழியாகவும் தண்ணி இறங்கும், அது வெளியில் தெரியாது. இவ்வளவும் உள்ளே போகிறது, வெளியே போக வழி இருக்கிறதா? நட்டபோது மேசன் குழியின் அடியையும் கொங்கிறீட்டால் மூடியிருப்பார் என்று நினைக்கிறேன். பலமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த நிமிடமே அது ஒரு வாளியாகிவிடுகிறது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். இறுகின கம்பத்தைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், அலவாங்கு கொடுத்து நெம்பவும் வேண்டாம். கம்பம் மெல்லிய குழாய், ஒருமுறை நசுங்கினால் பிறகு எந்தக் குழிக்குள்ளும் ஒழுங்காக இறங்காது. முதலில் கைகளை மடக்கிக் கட்டுங்கள். இடைவெளியில் சைக்கிள் கம்பி மாதிரி ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுற்றிவரக் கிண்டி மண்ணை இளக்குங்கள், ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சால் தண்ணியைப் பலமாகப் பீய்ச்சினால் மணல் மேலே வரும். கம்பம் இறங்கி நிற்பதற்காகக் குழிக்குள் வைத்த குழாய் இரும்பு என்றால் கறள் இளக்குகிற எண்ணெய் விட்டு ஒரு இரவு விடலாம், பிளாஸ்டிக் என்றால் அந்த எண்ணெய் வேண்டாம், சவர்க்காரத் தண்ணியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும். அடுத்த நாள் காலையில் கம்பத்தில் பழைய துணி சுற்றி, பைப் ரென்ச் பிடித்து, இடம் வலமாக மெல்லமெல்லத் திருப்புங்கள். திரும்பத் தொடங்கிவிட்டால் வெற்றிதான். மேலே இழுக்கிறபோது சடாரென்று இழுக்காமல் திருப்பித் திருப்பி மெதுவாக இழுக்கவேண்டும், ஏனென்றால் அடியில் தண்ணி நிற்கிற குழியில் கம்பம் சிரிஞ்சின் தண்டு மாதிரி வேலை செய்யும், நீங்கள் இழுக்க இழுக்க அது உள்ளே பிடித்து இழுக்கும். காற்று உள்ளே போக நேரம் கொடுத்தால் தானாக வரும். இரண்டு பேராகச் செய்யுங்கள், உங்கள் வீட்டுக்காரர் பிடிக்க நீங்கள் எண்ணெய் விட்டுக்கொண்டு நில்லுங்கள்.

கம்பம் வந்த பிறகு குழித் தண்ணியை இறைத்து நிலத்தில் ஊற்றுங்கள், கிணற்றடி வாய்க்காலிலோ வேறு பாத்திரத்திலோ ஊற்றவேண்டாம். இந்த இடத்தில் ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணியில் போடுவதில்லை, தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும், அந்த முட்டை தண்ணி வற்றிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும், அடுத்த மழைத் தண்ணி தொட்டதும் பொரிக்கும். பொரித்ததில் இருந்து ஒரு கிழமை பத்து நாளில் பறக்கிற நுளம்பு. அதனால் இறைத்துக் காயவிட்டால் மட்டும் போதாது, போத்தல் கழுவுகிற நீட்டுப் பிறஷ் ஒன்றால் உட்சுவரை மேலிருந்து கீழ்வரை நன்றாக உரஞ்சிக் கழுவுங்கள். பி.எச்.ஐ. சொன்னதைக் குற்றமாக எடுக்காதீர்கள் தங்கச்சி. பூச்சாடித் தட்டு, ரயர், சிரட்டை எல்லாம் எங்களுக்குக் கண்ணில் படும், நிலத்துக்குள் இருக்கிற இந்த ஒன்றரை அடிக் குழாயை யாரும் ஒரு பாத்திரமாக நினைப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் அது இருப்பதுதான் எனக்குக் கவலை. கறளை விட இதுதான் அவசரம்.

இனிக் குழியின் அடிக்கு ஒரு வழி. கல்லுத் துளைக்கிற நீட்டு ட்ரில் பிற் உள்ள ஒரு மேசனையோ மின்வேலைக்காரரையோ பிடித்து, குழாய்க்குள்ளால் அடிக் கொங்கிறீட்டில் ஒரு துளை போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று அங்குலம்தான் போட்டிருப்பார்கள், துளை கீழே மண்ணைத் தொட்டால் காணும். ட்ரில் இல்லாவிட்டால் கூர்ப்படுத்திய அரை அங்குலக் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டியும் துளைக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். துளைத்த பிறகு ஒரு வாளி தண்ணியைக் குழிக்குள் நிரப்பிவிட்டு நேரத்தைப் பாருங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வற்றினால் உங்களுக்கு வேறு பெரிய வேலை இல்லை. அடுத்த நாளும் தண்ணி நின்றால் மண் உறிஞ்சவில்லை என்று அர்த்தம், அப்போது குழியை மாற்றித்தான் ஆகவேண்டும்.

வன்னிக்குள் மண் ஒரே மாதிரி இல்லை. செம்மண் வளவு என்றால் தண்ணி இறங்கிவிடும், முல்லைத்தீவுக் கரைப்பக்க மணலில் இன்னும் வேகமாக இறங்கும். குளத்தடி, வயற்கரைப் பக்கம் அப்படியில்லை, கார்த்திகை பிறந்தால் கிணற்றுத் தண்ணியைக் கையால் அள்ளலாம் என்கிற அளவுக்கு மட்டம் ஏறிவிடும், அந்த நேரம் நிலத்துக்குள் எவ்வளவு சல்லி போட்டாலும் தண்ணி போக இடமில்லை. முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி இன்னொரு ரகம், கோடையில் பிளந்து கிடக்கும், மாரிக்கு ஊதும், அந்த ஊதலுக்கு நட்ட கம்பமே சரிந்துபோகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வெள்ளம் வடிந்த பிறகு என்னிடம் வந்த ஒரு கம்பத்தின் அடிக்குழாய் நிறைய இறுகின சேறு, வெட்டித்தான் எடுத்தேன்.

அதனால் குழியைத் திரும்ப நடுவதானால் இப்படிச் செய்யுங்கள். இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள்: தாவாரத்தில் இருந்து தள்ளி, முற்றத்தின் பள்ளத்தில் இல்லாமல், கைகள் விரிந்து சுற்றினாலும் சுவரிலோ மரத்திலோ முட்டாத இடம். மாமரத்துக்குக் கீழே வேண்டாம், பறவை எச்சமும் மரத்தில் இருந்து பிறகு சொட்டுகிற தண்ணியும் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டடி ஆழம், ஒன்றேகால் அடிச் சதுரம் வெட்டி, அடியில் அரை அடிக்கு முக்கால் அங்குலச் சல்லி போட்டு இடியுங்கள். குழாயின் அடி வாய் அந்தச் சல்லியில் உட்காரவேண்டும், கொங்கிறீட் அதன் பக்கத்தைப் பிடிக்கட்டும், அடியை மூடக்கூடாது. இதை மேசனுக்கு இரண்டு தரம் சொல்லுங்கள், பக்கத்தில் நின்றும் பாருங்கள். கலவை ஒன்றுக்கு இரண்டு நாலு, அதாவது ஒரு வாளி சீமெந்துக்கு இரண்டு வாளி மணல், நாலு வாளி சல்லி. ரசமட்டம் வைத்துக் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள், சரிந்து நின்றால் சுற்றாது, ஒரு பக்கமே பாரம் இழுக்கும். கொங்கிறீட் முகம் நிலத்தை விட இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து, குழாய் வாயில் இருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இருக்கட்டும், புற்று மாதிரி ஒரு சின்ன மேடு. அப்போதுதான் முற்றத்து வெள்ளம் சுற்றிப் போகும். ஒரு கிழமைக்கு ஈரச்சாக்குப் போட்டு வைத்துவிட்டுப் பிறகுதான் உடுப்புப் பாரம் ஏற்றவேண்டும்.

உங்கள் வளவு மாரிக்கு ஊறுகிற வளவு என்றால் ஆழமாக வெட்டுவதை விட மேடை கட்டுவதே மேல். இரண்டு அடி உயரத்துக்குச் சதுரமாக மேடை கட்டி, அதற்குள் குழாயை நிறுத்தி, குழாயின் அடியில் இருந்து அரை அங்குல பி.வி.சி. பைப் ஒன்றைச் சரிவாக மேடையின் பக்கத்தால் வெளியே விடுங்கள். உள்ளே வந்த தண்ணி அதால் ஒழுகிவிடும், முற்றத்து வெள்ளம் அந்தப் பைப் வாய்க்கு மேலே ஏறினால் ஒழியப் பயமில்லை. பைப் வாயில் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள், தேரையும் பூரானும் போய்க் குடியிருக்காது. மேடை நிலத்துக்குள்ளும் ஒரு அடியாவது இறங்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் சோளகக் காற்றுக்குக் கம்பத்தோடு சேர்ந்து ஆடும்.

வெளியே போக வழி செய்தாயிற்று, இனி உள்ளே போவதைக் குறைக்கிறது. இதற்குக் கடையில் ஒன்றும் வாங்கவேண்டாம். பழைய மோட்டார் சைக்கிள் ரியூப் ஒன்றை எடுத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள், நடுவில் கம்பத்தின் பருமனை விடச் சற்றுச் சின்னதாக ஒரு ஓட்டை. அதைக் கம்பத்தின் அடியால் இழுத்து ஏற்றிக் குழாய் வாய்க்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்துங்கள். ஓட்டை சின்னது என்பதால் இழுபட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும், விளிம்பு பாவாடை மாதிரி வெளிப்பக்கம் சரிந்து நிற்கும். கம்பத்தால் ஒழுகி வருகிற தண்ணி பாவாடையில் ஏறி, குழாய் வாய்க்கு வெளியே சொட்டும். ரியூப் மெல்லியது என்றால் இரண்டு மடிப்பாகப் போடுங்கள், மேல் விளிம்பில் கொஞ்சம் சிலிக்கன் பூசினால் இன்னும் நல்லது. நான் என் வீட்டில் செய்து வைத்தது மூன்று மாரி தாண்டிவிட்டது, வெயிலுக்கு வெடிக்கத் தொடங்கினால் இன்னொன்று வெட்டிப் போடுவேன். சிலர் குழாய் வாயையே சீமெந்தாலோ சிலிக்கனாலோ நிரப்பி அடைத்துவிடுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். கழற்றவும் முடியாது, எப்படியோ உள்ளே போன தண்ணி வெளியே வரவும் முடியாது.

கம்பத்தின் உச்சி மூடி இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஹாட்வெயார் கடையில் பைப் அடைக்கிற பி.வி.சி. மூடி வாங்கிப் போடலாம். கம்பத்தைக் கழற்றி வைக்கிற நேரம் குழாய் வாய்க்கும் ஒரு மூடி வேண்டும், பெட்டியோடு வந்திருக்கும், பெரும்பாலும் முதல் கிழமையே தொலைந்துவிடும், ஒரு நூலால் கொங்கிறீட் பக்கத்தில் கட்டி வையுங்கள். திறந்த குழாய் பிள்ளைகளின் கால் விரலுக்கும் ஆபத்து.

உறை போடுகிற விசயத்தில் உங்கள் எண்ணம் பிழையில்லை, கட்டின விதம்தான் பிழை. தறப்பாள் மழையை விடாது, உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. பகலில் வெயிலுக்கு உள்ளே சூடாகி ஆவி எழும்பும், இரவில் குளிர்ந்து கம்பத்திலேயே வியர்த்து நிற்கும். அந்தப் பூஞ்சண மணம் அதுதான். தறப்பாளுக்கடியில் மழைக்காலம் போக்கின எங்கள் சனத்துக்கு அந்த வியர்வையும் மணமும் புதிதில்லை, இரும்புக்கும் அதே நிலைதான். உறை போடுவதானால் கம்பமும் கொடியும் நன்றாகக் காய்ந்திருக்கிற நேரம் மட்டும் போடுங்கள், மேலே இருந்து தொப்பி மாதிரி இறங்கட்டும், கீழே ஒரு அடிக்கு மேல் திறந்து கிடக்கட்டும், நடுவில் ஒரு கட்டுப் போதும், அதுவும் தளர்வாக. தைத்துத் தருகிற ஆள் இருந்தால் குடைத்துணியோ ரெக்சினோ நல்லது. வெறும் பொலித்தீனும் உரப்பையும் எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் பொடியாகி உடுப்பில் ஒட்டும். இன்னொன்று, உறைக்குள் குளவி கூடு கட்டும். கழற்றுமுன் வெளியில் நின்று ஒரு தடியால் தட்டிவிட்டுத்தான் கை வையுங்கள், பிள்ளைகளைக் கழற்ற விடாதீர்கள்.

கடலுக்குக் கிட்ட இருக்கிற வாசகர்கள் இதையும் கவனிக்கவேண்டும். வாடைக் காற்றில் உப்பு வரும், அது கம்பத்தில் படியும், உப்புப் படிந்த இரும்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த உப்பைக் கழுவி விடுவதே மழைதான். எந்த நேரமும் உறைக்குள் வைத்தால் உப்புக் கழுவுப்படாமல் கூடும். அப்படியானவர்கள் மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியால் கம்பத்தையும் கைகளையும் கழுவித் துடைத்துவிடுங்கள். அளம்பில், செம்மலைப் பக்கம் வீட்டுக் கேற் எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மகளின் சட்டைக்கு வருகிறேன். இதைக் கம்பத்தின் கறள் என்று நினைத்துக் கம்பத்துக்குப் பெயின்ற் அடித்து மினைக்கெடாதீர்கள், சட்டை கம்பத்தில் படுவதேயில்லை. கோடு விழுந்தது கொடியில் இருந்து. வெளிநாட்டுக் கொடிகளில் சில உள்ளே மெல்லிய இரும்புக் கம்பி, வெளியே பிளாஸ்டிக் தோல். இங்கத்தை வெயில் அந்தத் தோலை வெடிக்க வைக்கும், வெடிப்பால் மழைத்தண்ணி உள்ளே போகும், கம்பி கறள் பிடித்து அந்தக் கறள் தண்ணி ஈர உடுப்பில் இறங்கும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் கொடி முழுவதும் இறுக்கிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள், எங்கே மஞ்சளாகப் பிடிக்கிறதோ அங்கே வெடிப்பு. ஒன்றிரண்டு இடம் என்றால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு உடுப்புப் போடலாம், பல இடம் என்றால் முழுக் கொடியையும் மாற்றவேண்டியதுதான். மாற்றும்போது உள்ளே கம்பி இல்லாத பொலியெஸ்டர்க் கயிறு போடுங்கள். நைலோன் வேண்டாம், அது ஈரத்துக்கு நீண்டு தொய்யும், உடுப்பு நிலத்தில் இழுபடும். பழைய கொடியைக் கழற்றுமுன் எந்தக் கையில் எந்தத் துளையால் போகிறது என்று போனில் நாலைந்து படம் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் கழற்றிவிட்டுத் திரும்பக் கோர்க்கத் தெரியாமல் கொண்டுவந்த ஆட்கள் நிறையப் பேர்.

சட்டையில் விழுந்த கோட்டுக்குத் தயவுசெய்து குளோரின் கலந்த வெளுப்பான் போடாதீர்கள். கறளை அது போக்காது, இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து, நிறையத் தண்ணியில் அலசுங்கள். முதல் தடவை மங்கும், இரண்டு மூன்று தடவையில் போகும். பழைய கோடு என்றால் முழுவதும் போகாமலும் இருக்கலாம். நிறத் துணியில் இதைச் செய்வதானால் ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள்.

கொட்டில் பற்றிக் கேட்டீர்கள். கைகள் விரிந்தால் எட்டடி, பத்தடி அகலம் வரும். அதை முழுவதும் மூடுவதானால் கொட்டில் பதினொரு அடியாவது வேண்டும், அமானோ சீற் என்கிற கூரைத் தகரம், பைப், வேலை எல்லாம் சேர்த்தால் அந்தக் காசுக்கு இன்னும் சில குடைக்கொடி வாங்கிவிடலாம். அதற்குள் வெயில் படாது, காற்றும் குறையும், பிறகு குடைக்கொடி எதற்கு? மாரிக்கு உடுப்புக் காயப்போடக் கூரை வேண்டும் என்றால் அது நியாயமான தேவை, அதற்கு விறாந்தையில் கப்பியோடு நாலு நேர்க்கொடி கட்டுங்கள், அரை நாள் வேலை. இந்தச் சாமான் பரவின இடத்தையும் யோசித்துப் பாருங்கள். சுற்றுக்கொடி வீட்டுக்கு வீடு பரவியது அவுஸ்திரேலியாவில், அங்கே அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் 1945இல் செய்து விற்கத் தொடங்கிய ஹில்ஸ் ஹொயிஸ்ட் இன்றைக்கும் பேர் பெற்றது. அடிலெய்ட் அந்த நாட்டு மாநிலத் தலைநகரங்களிலேயே மழை குறைந்த நகரம். எங்களுக்கு வருடத்தில் ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசியில் இருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. மற்ற எட்டு ஒன்பது மாதத்துக்கு இந்தக் கொடிக்கு எங்கள் முற்றத்தை விட நல்ல இடம் கிடையாது.

ஆகவே நான் செய்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். தீபாவளி கழிய, காலபோக விதைப்பு முடிந்து மழை இறங்குகிற நேரம், ஒரு வெயில் நாள் பார்த்துக் கம்பத்தைக் கழற்றுங்கள். கழுவி, துடைத்து, கைகள் மடங்குகிற பிணைப்புகளில் கொஞ்சம் கிறீஸ் தடவி, அடிப்பகுதியில் வெள்ளைப் பொடியோ கறளோ இருந்தால் சாண்ட் பேப்பரால் உரஞ்சி, இரும்புக் கம்பம் என்றால் நாகம் கலந்த பூச்சு அடித்து, வீட்டுக்குள் சாய்த்து வையுங்கள். குழாய் வாயை மூடிவிடுங்கள், மூடினாலும் கிழமைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு வெளியே எடுத்தால் சரி. இடையில் நல்ல வெயில் நாலு நாள் வந்தால் ஐந்து நிமிடத்தில் நட்டு ஐந்து நிமிடத்தில் கழற்றலாம், குழி ஒழுங்காக இருந்தால் அது ஒரு வேலையே இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் எந்த மாதம் என்று பார்க்காமல் உடனே கழற்றி உள்ளே வையுங்கள். மடக்கி வைத்தால் போதும் என்று சிலர் விடுவார்கள். 2020 புரேவிப் புயல் நேரம் மடக்கி நின்ற கம்பம் ஒன்று நடுவில் வளைந்து என் பட்டறைக்கு வந்தது, நிமிர்த்திக் கொடுத்தேன், ஆனால் பிறகு அது முன்னைப்போல் சுற்றவில்லை.

லண்டன் அண்ணாவிடம் மறைக்கத் தேவையில்லை, சாமானில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள், முடிந்தால் அந்த மொடலுக்குரிய கொடியும் குழாய் மூடியும் அடுத்த பெட்டியில் போட்டுவிடச் சொல்லுங்கள். இந்தக் கிழமையே குழியை இறைத்து உரஞ்சுகிற வேலையைச் செய்துவிடுங்கள், மற்றது ஆறுதலாக நடக்கட்டும். கம்பத்தைக் கழற்றினதும் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போகிற மாதிரி மெத்தென்று இருந்தால் திரும்ப நடவேண்டாம். அந்த ஒன்றரை அடியை வெட்டிவிட்டு வேறு குழாய் வைத்து ஒட்டலாம், அதற்கு ஒரு நூலால் கம்பத்தின் சுற்றளவை அளந்து, காந்தம் ஒட்டுகிறதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எந்தக் குழாய் பொருந்தும் என்று சொல்கிறேன்.